கூரை வழியே இறங்கும் அனல்! எத்தனை அங்குலம் தடுப்பு வேண்டும்?

சித்திரை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கிறது.

பகல் பன்னிரண்டு மணிக்கு வெளியே நெருப்பாய்க் காய்கிறது. வீட்டுக்குள் ஓரளவு தாங்குகிறது. மாலை ஏழு மணிக்கு வெளியே காற்று வீசுகிறது. வீட்டுக்குள்ளோ அப்போதுதான் அனல் அடிக்கத் தொடங்குகிறது!

மின்விசிறி சுற்றுகிறது. சுற்றச் சுற்ற உஷ்ணக் காற்றுதான் கீழே இறங்குகிறது. கைக்குழந்தை புரண்டு புரண்டு அழுகிறது. வயதானவர்கள் விசிறி மட்டையுடன் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறார்கள்.

சூரியன்தான் மறைந்துவிட்டதே! பிறகு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

தலைக்கு மேலே இருக்கும் காங்கிரீட் தளத்திலிருந்து வருகிறது.

பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தளம், சில மணி நேரம் கழித்து அதைக் கீழே கக்குகிறது. வெளியே இருட்டிய பிறகும் அறைக்குள் அடுப்பு அணைவதில்லை.

இதைத் தடுக்க வழி உண்டு. ஆனால் "எவ்வளவு தடுப்பு வேண்டும்?" என்ற கேள்விக்குக் கடைக்காரர் ஒரு பதில் சொல்கிறார். மேஸ்திரி ஒரு பதில் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது பதில் சொல்கிறார். குடும்பத்தினரே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வதுதான் நல்லது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதல் எதிரி கூரையே!

வீட்டுக்குள் வெயில் வரும் வழிகள் பல. சுவர், ஜன்னல், கதவு, கூரை.

இவற்றில் கூரைதான் காலை முதல் மாலை வரை வெயிலில் கிடக்கிறது. கிழக்குச் சுவர் காலையில் காயும். மேற்குச் சுவர் மாலையில் காயும். கூரைக்கு மட்டும் ஓய்வே கிடையாது.

சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேராக நிற்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் மறுபடியும் அப்படி நிற்கிறது. நேராக விழும் வெயிலுக்கு உக்கிரம் அதிகம். அப்போது ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஏறக்குறைய 1,000 வாட் சக்தி வந்து விழுகிறது.

2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. பழைய பாரன்ஹீட் கணக்கில் 113 டிகிரி. அது நிழலில் வைத்த கருவி காட்டிய அளவு. வெயிலில் கிடக்கும் மொட்டை மாடித் தரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் போவது உண்டு. அதில் வெறுங்காலை வைக்க முடியாது என்பது வற்றல் காயவைக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

ஆகவே தடுப்புக்குச் செலவழிக்க நினைப்பவர்கள் முதல் ரூபாயைக் கூரைக்கே செலவழிக்க வேண்டும்.

ஓலை போனது, குளிர்ச்சியும் போனது

"அந்தக் காலத்துக் கீற்றுக் கொட்டகையில் இருந்த சுகம் இந்த மச்சு வீட்டில் இல்லையே!" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது வெறும் பழம்பெருமை அல்ல. அதில் உண்மை இருக்கிறது.

ஓலைக்கும் வைக்கோலுக்கும் நடுவே காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது. காங்கிரீட்டோ கெட்டியான பொருள். சூடு அதில் தாராளமாக நடந்து வரும்.

ஆனால் கீற்றுக் கூரையில் ஆபத்தும் இருந்தது. 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்தது. 94 குழந்தைகள் மாண்டார்கள். தமிழ்நாடே கண்ணீர் விட்டது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

குடிசைகள் காங்கிரீட் வீடுகளாக மாறுவது நல்ல காரியம்தான். தீ பயம் இல்லை. மழை ஒழுகாது. புயலில் பறக்காது. ஆனால் ஓலை செய்துவந்த ஒரு வேலையைக் காங்கிரீட் செய்யவில்லை. அந்த வேலையை வேறொரு பொருளிடம் ஒப்படைக்க வேண்டும்.

எந்தப் பொருள், எவ்வளவு?

எந்தப் பொருள் எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்று விஞ்ஞானிகள் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்களைப் பார்த்தால் பெரிய ஆச்சரியம் காத்திருக்கிறது.

கம்பி கட்டிய காங்கிரீட்டின் கடத்தும் எண் சுமார் 1.58.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்துக்கு சுமார் 0.73.

ஓலை வேய்ந்த கூரைக்கு சுமார் 0.07.

தெர்மாகோல் பலகைக்கு சுமார் 0.035.

எண் சிறிதாக இருந்தால் சூடு குறைவாகக் கடக்கும். இதுதான் பொருள்.

இப்போது வகுத்துப் பார்க்கலாம். 1.58-ஐ 0.035-ஆல் வகுத்தால் 45 வருகிறது. அதாவது ஓர் அங்குலத் தெர்மாகோல் தடுக்கும் சூட்டைத் தடுக்க 45 அங்குலக் காங்கிரீட் வேண்டும். மூன்றே முக்கால் அடி! கோட்டைச் சுவரில் கூட அவ்வளவு காங்கிரீட் போடமாட்டார்கள்.

தளத்தை இன்னும் ஓர் அங்குலம் கனமாகப் போட்டால் வீடு குளிரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் பணம் வீண் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

ஓலைக்கு இதே கணக்கைப் போட்டால் விடை 2. இரண்டு அங்குல ஓலை, ஓர் அங்குலத் தெர்மாகோலுக்குச் சமம். பெரியவர்கள் சொன்னது சரிதான்!

ஓர் அறையின் கணக்கு

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதன் கூரை 120 சதுர அடி. மீட்டர் கணக்கில் 11 சதுர மீட்டர்.

மேலே ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாடித் தரை 60 டிகிரி. அறைக்குள் 35 டிகிரி. வித்தியாசம் 25 டிகிரி.

இப்படிப்பட்ட தளம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே ஏறக்குறைய 4 வாட் சூட்டைக் கீழே விடும்.

11-ஐ 25-ஆல் பெருக்கி, மறுபடி 4-ஆல் பெருக்கினால் 1,100 வாட்.

ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சூடேற்றிக் கூரையில் தொங்கவிட்டது போல! ஒரு டன் குளிர்சாதன இயந்திரம் வெளியேற்றக்கூடிய சூடு சுமார் 3,500 வாட். அப்படியானால் அந்த இயந்திரத்தின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, கூரையோடு மல்லுக்கட்டவே போய்விடுகிறது. அதற்கும் சேர்த்துத்தான் மின்சாரக் கட்டணம் வருகிறது.

இது உச்சி வெயில் நேரத்துக்கான உத்தேசக் கணக்கு. இந்தச் சூடு முழுவதும் அந்த நிமிடமே அறைக்குள் வந்துவிடுவதில்லை. ஒரு பகுதி தளத்தில் தங்கி இரவில் இறங்கும். ஆனால் எவ்வளவு தடுப்பு வேண்டும் என்று முடிவு செய்ய இந்தக் கணக்குப் போதும்.

முதல் அங்குலத்தின் மகிமை

தளத்துக்கு மேலே ஓர் அங்குலத் தெர்மாகோல் பலகை பதித்தால் என்ன ஆகும்?

1,100 வாட், ஏறக்குறைய 280 வாட்டாகக் குறையும்.

இரண்டு அங்குலம் பதித்தால் 160 வாட்.

மூன்று அங்குலம் பதித்தால் 115 வாட்.

இதைக் கவனிக்க வேண்டும். முதல் அங்குலம் 820 வாட்டைத் தடுத்தது. இரண்டாவது அங்குலம் 120 வாட்டைத்தான் தடுத்தது. மூன்றாவது அங்குலம் வெறும் 45 வாட்!

ஒவ்வோர் அங்குலத்துக்கும் விலை ஒன்றுதான். வேலையோ ஒன்றல்ல. பசித்தவனுக்கு முதல் உருண்டைச் சோறு போல முதல் அங்குலம். மூன்றாவது அங்குலம் வயிறு நிறைந்தபின் வைக்கும் பந்திச் சோறு.

"கனமாகப் போட்டால்தான் பலன்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன் வைக்கலாம். "எங்களுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது" என்று ஒதுங்கும் குடும்பங்களுக்கும் இதில் நல்ல செய்தி இருக்கிறது. வேண்டியது ஓர் அங்குலம்தான்.

சுண்ணாம்பு செய்யும் உதவி

தடுப்பு ஒரு வழி. வெயிலைத் திருப்பி அனுப்புவது இன்னொரு வழி.

பாசி படிந்து கறுத்த மாடித் தரை, விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த தரை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்.

வெள்ளை அடித்ததால் மாடித் தரை 60 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது வித்தியாசம் 25 அல்ல, 10 டிகிரிதான். முன் சொன்ன அறைக்கு 1,100 வாட்டுக்குப் பதில் 440 வாட் வரும்.

வெள்ளையும் ஓர் அங்குலத் தடுப்பும் சேர்ந்தால்? சுமார் 110 வாட்!

மூன்று அங்குலத் தடுப்பு செய்த வேலையை ஓர் அங்குலமும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

ஒரு சங்கதி. தூசி படிந்தால் வெள்ளையின் பலன் குறையும். மழையில் கரையும். ஆகவே ஆண்டுதோறும் பங்குனிக்குள் மாடியைக் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கும் வழக்கம் இருக்கிறது. கோடைக்கு முன் மாடிக்கும் அடிக்கும் வழக்கம் வர வேண்டும்.

யாருக்கு எவ்வளவு?

எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது.

கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் தலைக்கு மேலே இன்னொரு வீடு இருக்கிறது. அவருக்குக் கூரைத் தடுப்புத் தேவையில்லை. மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டி கட்டினாலே அவருக்குப் பலன் தெரியும்.

மேல்மாடியில் வெறும் காங்கிரீட் தளத்தின் கீழ் இருப்பவருக்கு ஓர் அங்குலமும் வெள்ளையும் வேண்டும்.

தளத்தின் மேல் நான்கு அங்குலச் செங்கல் ஜல்லித் தளம் போட்டுத் தட்டோடு பதித்த வீடாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு சூடு ஏற்கெனவே தடைபட்டிருக்கும். அங்கே முதலில் வெள்ளை அடித்து ஒரு கோடையைக் கழித்துப் பார்க்கலாம். போதாவிட்டால் தடுப்பைப் பற்றி யோசிக்கலாம்.

தகரமோ கல்நார் ஓடோ போட்ட வீட்டில் பகலில்தான் கொடுமை. மெல்லிய கூரையாதலால் வெயில் உடனே உள்ளே வரும். இரவில் சீக்கிரம் ஆறிவிடும். அங்கே கூரைக்கு வெள்ளை அடிப்பதும், கீழே இடைவெளி விட்டு ஒரு தடுப்புத் தட்டி கட்டுவதும் உதவும். கல்நார் ஓட்டை உடைக்கவோ துளையிடவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

வீட்டில் வரும் சூடு கூரையால்தானா என்று சந்தேகமா? இரவு ஒன்பது மணிக்கு முக்காலியில் ஏறி உட்கூரையைத் தொட்டுப் பார்க்கலாம். பிறகு உள்சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். சுவர் வெதுவெதுப்பாகவும் கூரை சுடுவதாகவும் இருந்தால் குற்றவாளி கூரையே. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

போடும் முறை

தடுப்பைத் தளத்துக்கு மேலே போடுவதுதான் சிறந்தது. அப்போது காங்கிரீட்டே சூடாகாது. கீழே போட்டால், மேலே தளம் வெயிலைக் குடித்துக் கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

முதலில் தளத்தில் நீர்க்கசிவு இருந்தால் அடைக்க வேண்டும். பிறகு பலகையை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அதன்மேல் கலவையும் தட்டோடும் போட்டு மூட வேண்டும். தண்ணீர் வழிந்தோட வாட்டம் விட வேண்டும். ஈரம் ஊறினால் தடுப்பின் பலன் போய்விடும்.

பெட்டிக்குள் வைத்து வரும் மெல்லிய தெர்மாகோல் இதற்கு ஆகாது. ஆள் நடந்தால் அமுங்காத, அடர்த்தியான பலகையாகக் கேட்டு வாங்க வேண்டும்.

தெர்மாகோல் தீப்பற்றும் பொருள். அதை வீட்டுக்குள் மூடாமல் ஒட்டுவது ஆபத்து. அடுக்களையில் கூடவே கூடாது.

தடுப்புப் போட்டபின் இரவில் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். தடுப்பு வெயிலை வரவிடாது. உள்ளே இருக்கும் சூட்டையும் எளிதில் போகவிடாது. அதை வெளியேற்றக் காற்றோட்டம் வேண்டும்.

விதி யாருக்கு?

இந்த விஷயத்தில் சர்க்கார் விதி ஒன்று உண்டு. 2018-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற வீட்டுக் கட்டட விதித் தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டது. கூரை வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் சூடு வரக் கூடாது என்று அது சொன்னது.

அந்த விதி, வெளிக்காற்றுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் வெறும் ஐந்து அங்குலத் தளம் 3.5 வாட் அளவுக்கு விடுகிறது. அதாவது விதி அனுமதிப்பதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! முக்கால் அங்குலத் தெர்மாகோல் இருந்தாலே விதி நிறைவேறிவிடும்.

நல்ல விதிதான். ஆனால் அந்த முதல் பகுதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக எழுதப்பட்டது. 500 சதுர மீட்டர் என்றால் இரண்டு கிரவுண்டுக்கும் மேல்.

இரண்டு கிரவுண்டு மனை வைத்திருப்பவர் வீட்டில் குளிர்சாதன இயந்திரம் இருக்கும். அரை கிரவுண்டில் வீடு கட்டியவர் வீட்டில்தான் விசிறி மட்டும் சுற்றுகிறது. விதி யாருக்கு அதிகம் தேவை?

2024-ம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என்றும் அறிவித்தது. அதே 2024-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 2030-க்குள் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டி, குடிசை இல்லாத தமிழ்நாட்டை உண்டாக்குவது என்ற நோக்கம் அறிவிக்கப்பட்டது.

இரண்டும் வரவேற்கத் தக்கவை. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வெயில் பேரிடர் என்றால், ஏழைக்குக் கட்டித் தரும் வீட்டின் கூரை அந்தப் பேரிடரைத் தடுப்பதாக இருக்க வேண்டும். மாண்டபின் கொடுக்கும் உதவியைவிட, மாளாமல் காப்பது மேல்.

சர்க்கார் பணத்தில் எழும் ஒவ்வொரு வீட்டின் மதிப்பீட்டிலும், கம்பி, சிமெண்டு, ஜல்லி என்ற வரிகளோடு "கூரைத் தடுப்பு ஓர் அங்குலம்" என்ற வரியும் இருக்க வேண்டும். கட்டும்போதே போட்டால் செலவு குறைவு. பின்னால் தட்டோட்டைப் பெயர்த்துப் போடுவது இரட்டைச் செலவு.

வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களும் யோசிக்க வேண்டும். கூரை அவர்களுடையது. அதன் அனல் மட்டும் குடியிருப்பவருடையது. ஆண்டுக்கு ஒருமுறை மாடிக்கு வெள்ளை அடித்துத் தருவது பெரிய செலவல்ல. காலா காலத்தில் வாடகை தரும் குடும்பத்துக்கு அது நியாயமான மரியாதை.

வீடு கட்டப் போகிறவர்கள் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் மேஸ்திரியிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "தளத்துக்கு மேலே என்ன தடுப்பு? எத்தனை அங்குலம்?"

அதற்குச் சரியான பதில் வரும்வரை தளம் போடும் நாளைக் குறிக்கக் கூடாது.